வேலை கிடைத்தது, லாபம் எங்கே?
கட்டுமான நிறுவனங்களின் போட்டியும் அதன் விலையும்

2003ஆம் ஆண்டின் பிற்பகுதி. சார்ஸ் கிருமித்தொற்று ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஈசூனில் இருந்த பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று சாப்பாடு இல்லை. வரைபடங்கள் விரிந்து கிடந்தன. ஒரு கால்குலேட்டர், ஒரு பென்சில், ஒரு ரப்பர். பெரியப்பா தரைக்கல் பதிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். தொழிலில் அவரைப் போன்றவர்களை 'சப்கான்' என்பார்கள், அதாவது துணைக் குத்தகையாளர். மறுநாள் காலைக்குள் ஒரு கொண்டோமினியத் திட்டத்துக்கு விலை கொடுக்க வேண்டும்.

தரைக்கல், சிமெண்ட், ஆட்கூலி, வெளிநாட்டு ஊழியர் தீர்வை, லாரிச் செலவு என்று வரிசையாக எழுதினார். கடைசி வரியில் லாபம் என்று எட்டு விழுக்காடு போட்டார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பரை எடுத்து எட்டை அழித்துவிட்டு நான்கு என்று எழுதினார். இரவு பதினொரு மணிக்கு அந்த நான்கையும் அழித்தார்.

"லாபமே இல்லாம எதுக்குங்க இந்த வேலை?" என்று பெரியம்மா கேட்டார்.

"வேலை இல்லாம பதினெட்டு பேரை வச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு இது மேல்" என்றார் பெரியப்பா.

வேலை அவருக்கே கிடைத்தது. அந்தச் செய்தி வந்த மாலையில் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது புரியவில்லை. போட்டியில் வென்றவர் ஏன் கவலைப்படுகிறார்?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்தக் கேள்விக்கான பதில் நம் வீடுகளையும் வேலைகளையும் சேமிப்பையும் தொடுகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வேலைக்குப் பஞ்சமில்லை

இப்போது சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குக் குறைவே இல்லை. கொவிட்-19 தாக்கிய 2020ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட கட்டுமானக் குத்தகைகளின் மதிப்பு ஏறக்குறைய 21 பில்லியன் வெள்ளிக்குச் சரிந்தது. நான்கே ஆண்டுகளில், 2024ல், அது 44 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. 2025ஆம் ஆண்டுக்கு 47 முதல் 53 பில்லியன் வெள்ளி வரை இருக்கும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் முன்னுரைத்தது.

சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் நிலம் அகழும் சடங்கு நடந்தது. தீவை ஊடறுக்கும் ரயில் பாதை, ஜூரோங் வட்டார ரயில் பாதை, தெங்கா நகரம், புதிய மருத்துவமனைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரந்தூக்கிகள்தான்.

இவ்வளவு வேலை இருந்தால் குத்தகையாளர்கள் கொழிக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் தொழிலில் உள்ளவர்களைக் கேட்டால், நூறு வெள்ளி வேலையில் மூன்று நான்கு வெள்ளி மிஞ்சினாலே நல்ல ஆண்டு என்பார்கள். காப்பிக்கடைக்காரர்கூட ஒரு கோப்பைக் காப்பியில் அதைவிடக் கூடுதலான விகிதத்தில் லாபம் பார்க்கக்கூடும். பல மில்லியன் வெள்ளி புரளும் தொழிலில் ஏன் இந்த நிலை?

பொருளைச் செய்வதற்கு முன்பே விலை

கடையில் விற்கும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பொருளைச் செய்கிறார், செலவைக் கணக்கிடுகிறார், லாபத்தைச் சேர்த்து விலை வைக்கிறார். கட்டுமானத்தில் இது தலைகீழ். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து முடியப்போகும் கட்டடத்துக்கு இன்றே விலை சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு கம்பி என்ன விலை விற்கும், மண்ணுக்கு அடியில் பாறை இருக்குமா, எத்தனை நாள் மழை பெய்யும் என்று எதுவும் தெரியாது. சொன்ன விலை சொன்னதுதான்.

அடுத்து, ஒரே வரைபடத்துக்கு ஆறு ஏழு நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன. அனைவரும் திறமைசாலிகள் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான செலவு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மதிப்பிடும்போது சிலர் சற்றுக் கூடுதலாகவும் சிலர் சற்றுக் குறைவாகவும் கணிப்பார்கள். விலை மட்டுமே அளவுகோல் என்றால் வேலை யாருக்குப் போகும்? பெரும்பாலும், செலவை ஆகக் குறைவாகக் கணித்தவருக்கு. அதாவது, ஆகப் பெரிய தவறு செய்தவருக்கு.

பொருளியலில் இதை 'வென்றவரின் சாபம்' என்கிறார்கள். 1971ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார்கள். ஏலத்தில் வயலை வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த வருவாய் ஏன் கிடைப்பதில்லை என்பதே அவர்களின் கேள்வி. எண்ணெய் ஏலத்தில் ஆக அதிக விலை கேட்டவர் மாட்டிக்கொள்கிறார். கட்டுமானத்தில் ஆகக் குறைந்த விலை கேட்டவர் மாட்டிக்கொள்கிறார். பெரியப்பா வீட்டின் அன்றைய மௌனத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது.

ஏணியின் அடிப்படியில் நெரிசல்

சிங்கப்பூரில் அரசாங்கக் கட்டுமான வேலைகளுக்குப் போட்டியிட விரும்பும் நிறுவனங்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பொதுக் கட்டடத் துறையிலும் பொதுப் பொறியியல் துறையிலும் சி3 தொடங்கி சி2, சி1, பி2, பி1, ஏ2, ஏ1 என்று ஏழு படிகள் உள்ளன. நிறுவனத்தின் மூலதனம், அனுபவம், பொறியாளர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்துப் படி அமையும். ஏ1 நிறுவனத்துக்குக் குறைந்தது 15 மில்லியன் வெள்ளி மூலதனம் வேண்டும். எவ்வளவு பெரிய வேலைக்கும் அது போட்டியிடலாம். கீழே உள்ள படிகளுக்கு உச்ச வரம்பு உண்டு.

அடிப்படிகளில் நுழைவது எளிது. ஒரு லாரி, சில ஊழியர்கள், கொஞ்சம் முதலீடு இருந்தால் தொடங்கிவிடலாம். அதனால் அங்கே கூட்டம் அதிகம், போட்டியும் அதிகம்.

மேலே போனால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. அங்கே போட்டி உலகளாவியது. ஐந்தாம் முனையத்தின் அடித்தளக் கட்டமைப்புக்கான ஏறக்குறைய 3.8 பில்லியன் வெள்ளிக் குத்தகையைச் சீன நிறுவனம் ஒன்றும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் கூட்டாக வென்றன. ரயில் சுரங்கப் பாதைகளில் கொரிய, சீன, ஜப்பானிய, ஐரோப்பியப் பெயர்ப் பலகைகளை நாம் தினமும் பார்க்கிறோம். சொந்த நாட்டில் வேலை குறையும்போது இங்கே மெல்லிய லாபத்துக்கும் வேலை எடுக்க அவற்றால் முடியும். உள்ளூர் நிறுவனம் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

ஒரு மாதத் தாமதம் என்ன செய்யும்?

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். குத்தகை மதிப்பு 10 மில்லியன் வெள்ளி. 20 மாத வேலை. நிறுவனம் போட்ட கணக்கு இது:

கட்டுமானப் பொருள்களுக்கும் துணைக் குத்தகையாளர்களுக்கும் 6.9 மில்லியன் வெள்ளி. சொந்த ஊழியர்கள், இயந்திரங்கள், கட்டுமானத்தளச் செலவு 2.4 மில்லியன் வெள்ளி. தலைமை அலுவலகச் செலவு 400,000 வெள்ளி. மீதி 300,000 வெள்ளி லாபம். அதாவது மூன்று விழுக்காடு.

இப்போது கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் ஒதுக்கிய 2 மில்லியன் வெள்ளியில் பத்து விழுக்காடு விலையேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200,000 வெள்ளி போய்விட்டது. வேலை ஒரே ஒரு மாதம் தாமதமாகிறது. கட்டுமானத்தளத்தை ஒரு மாதம் நடத்த 120,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 320,000 வெள்ளி. லாபம் முழுவதும் போய், கையிலிருந்து 20,000 வெள்ளி கூடுதலாகவும் போட வேண்டும். தாமதத்துக்கு நாள்கணக்கில் பிடிக்கும் இழப்பீடு இதில் சேரவில்லை.

இருபது மாதத்தில் ஒரு மாதம் தவறுவது பெரிய குற்றமா? ஒரு மழைக்காலமே அதைச் செய்துவிடும்.

அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சீனா, இந்தியா, பங்ளாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து வரும் கட்டுமான ஊழியர்களில் உயர்தேர்ச்சி பெற்றவருக்கு மாதத் தீர்வை 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சி மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. ஒருவருக்கு 400 வெள்ளி வித்தியாசம். நமது நிறுவனத்தில் முப்பது ஊழியர்கள் இருந்தால் மாதம் 12,000 வெள்ளி, இருபது மாதத்தில் 240,000 வெள்ளி. மொத்த லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு!

ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பித் தேர்ச்சி பெறச் செய்வது அறம் மட்டுமல்ல, அதில் பணமும் இருக்கிறது. அதே நாளிலிருந்து ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டு ஊழியர் என்றிருந்த விகிதம் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. மலிவான ஆள்பலத்தை மட்டும் நம்பிப் போட்டியிடும் வழி மெல்ல அடைக்கப்பட்டு வருகிறது.

எதிர்பாராதவை

விலையேற்றம் பத்து விழுக்காட்டோடு நிற்கும் என்பதும் உறுதியில்லை. 2007 ஜனவரியில் இந்தோனீசியா, சிங்கப்பூருக்கு மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. கான்கிரீட் விலை சில வாரங்களில் தாவி ஏறியது. அரசாங்கம் தன் சேமிப்புக் கிடங்கிலிருந்து மணலை வெளியிட்டு நிலைமையைச் சமாளித்தது. அதற்கு முன்பே நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்த குத்தகையாளர்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியதும் பெரும்பாலான கட்டுமானத்தளங்கள் பூட்டப்பட்டன. ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னரும் வேலைகள் மெதுவாகவே மீண்டன. ஊழியர்கள் தங்குவிடுதிகளில் இருந்தார்கள். சம்பளம், சாப்பாடு, இயந்திர வாடகை எதுவும் நிற்கவில்லை. தீர்வைத் தள்ளுபடி போன்ற அரசாங்க உதவிகள் வந்தன. செலவில் ஒரு பகுதியைத் திட்ட உரிமையாளர்களும் ஏற்கச் சட்டம் வழிசெய்தது. இருந்தாலும் பல நிறுவனங்களின் கையிருப்பு கரைந்துபோனது.

அதன் விளைவைச் சாதாரணக் குடும்பங்கள் 2021 செப்டம்பரில் உணர்ந்தன. கிரேட்எர்த் கட்டுமான நிறுவனங்கள் நிதி நெருக்கடியால் வேலையைத் தொடர முடியாமல் போக, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஐந்து பிடிஓ திட்டங்கள் பாதியில் நின்றன. புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக், மார்சிலிங், வெஸ்ட் கோஸ்ட் வட்டாரங்களில் மொத்தம் 2,982 வீடுகள். ஏற்கெனவே கொவிட்டால் தாமதமடைந்திருந்த வீடுகள் அவை. கழகம் சில வாரங்களில் புதிய குத்தகையாளர்களை நியமித்தது. ஆனாலும் திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கும், வாடகை வீட்டில் குழந்தையோடு காத்திருந்தவர்களுக்கும் ஒவ்வொரு மாதமும் சுமைதான்.

குத்தகையாளரின் லாபம் நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெரிய நிறுவனம் என்றால் விழாது என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் ஆகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான கரிலியன், 2018 ஜனவரி 15ஆம் தேதி கலைப்புக்கு உட்பட்டது. மருத்துவமனைகள், ரயில் பாதை, பள்ளிப் பராமரிப்பு என்று அதன் கையில் வேலை நிறைந்திருந்தது. கடன் உள்ளிட்ட பொறுப்புகள் ஏறக்குறைய 7 பில்லியன் பவுண்டு. கையிலிருந்த ரொக்கம் 29 மில்லியன் பவுண்டு. மெல்லிய லாபத்துக்கு வேலை எடுத்துக்கொண்டே போய், பழைய வேலையின் நட்டத்தைப் புதிய வேலையின் பணத்தால் மூடினால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

லாபம் வேறு, ரொக்கம் வேறு

பெரியப்பாவின் கதைக்குத் திரும்புவோம். லாபமே இல்லாத விலைக்கு எடுத்த அந்த வேலையை அவர் ஒழுங்காகத்தான் முடித்தார். தரைக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கடைக்காரருக்குப் பணம் கொடுத்தார். ஊழியர்களுக்கு மாதந்தவறாமல் சம்பளம் கொடுத்தார். ஆனால் முதன்மைக் குத்தகையாளரிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "எங்களுக்கு மேலேயிருந்து வந்ததும் தருகிறோம்."

அது வெறும் சாக்கு அல்ல. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு விதி இருந்தது. 'பணம் வந்தால் பணம் தருவோம்' என்பதே அதன் சாரம். அந்தக் காலத்தில் அது சகஜம். திட்ட உரிமையாளருக்கும் முதன்மைக் குத்தகையாளருக்கும் ஏதோ தகராறு. அதன் பாரம் கீழே இருந்தவர் தலையில் இறங்கியது. 86,000 வெள்ளி பாக்கி. பெரியம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அந்த நிறுவனம் பிறகு மூடப்பட்டது. பாக்கியில் ஒரு சிறு பகுதிதான் கைக்கு வந்தது.

கட்டுமானத்தில் நட்டத்தைவிட ரொக்கத் தட்டுப்பாடுதான் பலரை வீழ்த்துகிறது. வேலையை முதலில் செய்ய வேண்டும். மாத முடிவில் செய்த வேலைக்குப் பணம் கோர வேண்டும். அதைச் சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்த பிறகே தருவார்கள். பல வேலைகளில் வங்கி உத்தரவாதமும் கட்ட வேண்டும். ஆக, வேலை கூடக் கூட முடங்கும் பணமும் கூடுகிறது. வேகமாக வளரும் நிறுவனம் திடீரென்று படுத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

பெரியப்பாவைப் போன்றவர்களுக்காகவே ஒரு சட்டம் வந்தது. கட்டுமானத் துறையில் பணம் வழங்குவதை உறுதிசெய்யும் அந்தச் சட்டம் 2004ல் நிறைவேறி, 2005 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்தது. தொழிலில் அதைச் 'சோபா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 'பணம் வந்தால் தருவோம்' என்ற விதியை அது செல்லாததாக்கியது. பணக் கோரிக்கை கிடைத்ததும் குறிப்பிட்ட நாள்களுக்குள், அதிகபட்சம் 21 நாளில், எவ்வளவு தருவோம் என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றாலோ கருத்து வேறுபாடு என்றாலோ, நீதிமன்றத்துக்குப் போகாமல் சிங்கப்பூர் சமரச நிலையம் வழியாகத் தீர்ப்பாளரை நாடலாம். அவர் பொதுவாக இரண்டு வாரங்களில் முடிவு சொல்வார். அதன் பிறகும் பணம் வராவிட்டால் வேலையை நிறுத்திவைக்கும் உரிமை உண்டு. 2019 டிசம்பரில் சட்டம் மேலும் திருத்தப்பட்டது.

சட்டம் இருந்தும் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புகார் கொடுத்தால் அடுத்த வேலை கிடைக்குமா என்ற பயம். பெரியப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனால் பயப்படுவதற்கு முன் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பாவது இன்றைய சிறு குத்தகையாளர்களுக்கு இருக்கிறது.

விலை மட்டுமே அளவுகோலா?

ஆகக் குறைந்த விலைக்கே வேலை என்றால் யாருக்கும் நல்லதல்ல என்பதை அரசாங்கமும் உணர்ந்தது. 2005லிருந்து பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் விலையுடன் தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டது. நிறுவனத்தின் கடந்தகாலச் செயல்பாடு, பாதுகாப்பு, உற்பத்தித்திறன் ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. பொதுத்துறை ஒப்பந்தங்களில் கம்பி, கான்கிரீட் விலை ஏற்றஇறக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. பிரச்சினை வந்தபின் சண்டையிடுவதைவிட முன்கூட்டியே உட்கார்ந்து பேசும் கூட்டுச் செயல்பாட்டு ஒப்பந்தங்களும் மெல்ல இடம்பிடித்து வருகின்றன.

கடும் போட்டியிலிருந்து தப்பிக்கச் சிலர் குறுக்கு வழியையும் நாடுகிறார்கள். 'இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு' என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒருவர் வேண்டுமென்றே கூடுதல் விலை கொடுப்பது. இது சட்டவிரோதம். போட்டித்தன்மைச் சட்டத்தின்கீழ் சிங்கப்பூரில் ஈட்டிய ஆண்டு வருவாயில் பத்து விழுக்காடு வரை, மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு அபராதம் விதிக்கலாம். லாபமே மூன்று விழுக்காடு உள்ள தொழிலில் அது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள். வனவிலங்குப் பூங்காக்களின் கட்டட, பராமரிப்பு வேலைகளில் இவ்வாறு கூட்டுச் சேர்ந்த குத்தகையாளர்களுக்கு, போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2020ல் அபராதம் விதித்தது.

அப்படியானால் யாருக்கு லாபம்?

இந்தத் தொழிலிலும் நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றிடம் சில பொதுப் பண்புகளைக் காணலாம்.

முதலாவது, பலரால் செய்ய முடியாததைச் செய்கின்றன. ஆழமான அடித்தளம், சுரங்கம், மருத்துவமனைக் குழாய்கள் போன்ற வேலைகளுக்குப் போட்டியாளர் குறைவு.

இரண்டாவது, வேலையைக் கட்டுமானத்தளத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றுகின்றன. சுவர், தரை, குளியலறை, ஏன் ஒரு முழு அறையையே தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கும் முறை இங்கே பரவிவருகிறது. மழைக்கும் மணலுக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் அஞ்சும் நிலை அதனால் குறைகிறது. ஆனால் அதற்கு முதலீடு வேண்டும். தொடர்ந்து வேலை வந்தால்தான் அந்த முதலீடு திரும்பும்.

மூன்றாவது, ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைப்பதில்லை. சொத்து மேம்பாடு, ஊழியர் தங்குவிடுதி, பராமரிப்புச் சேவை, கான்கிரீட் தயாரிப்பு என்று வேறு வருமானங்களையும் தேடிக்கொள்கின்றன.

நான்காவதுதான் ஆகக் கடினமானது. கட்டுப்படியாகாத வேலையை வேண்டாம் என்று சொல்லும் துணிவு. எல்லாரும் பாயும்போது ஒதுங்கி நிற்க, கையில் ரொக்கம் இருக்க வேண்டும். ரொக்கம் இருக்க, முன்பே நல்ல விலைக்கு வேலை எடுத்திருக்க வேண்டும்.

நமது வீட்டுக் கணக்கில்

இதே பாடம் நம் வீட்டு வாசலிலும் இருக்கிறது. புதிய வீட்டுச் சாவி கிடைத்ததும் புதுப்பிப்பு வேலைக்கு மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். இருவர் 50,000 வெள்ளியை ஒட்டிச் சொல்கிறார்கள். ஒருவர் 36,000 வெள்ளி என்கிறார். உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். எதை விட்டுவிட்டார், எதைப் பிறகு கூடுதல் வேலை என்று சேர்ப்பார், முன்பணத்தை எந்தப் பழைய வேலையை முடிக்கப் பயன்படுத்துவார் என்று கேளுங்கள். வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பணம் கொடுங்கள். வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரா, முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். குறைந்த விலை தவறல்ல. அது எப்படிக் குறைந்தது என்பதற்கு விளக்கம் வேண்டும்.

கட்டுமான நிறுவனப் பங்குகளை வாங்க நினைக்கும் இளையர்கள், கையில் எத்தனை பில்லியன் வெள்ளி வேலை இருக்கிறது என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிற்கக்கூடாது. அந்த வேலைகள் எந்த ஆண்டு விலைக்கு எடுக்கப்பட்டவை, செயல்பாட்டிலிருந்து ரொக்கம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். கரிலியனின் கையிலும் வேலை நிறைய இருந்தது.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவருடைய மகள், என் அக்கா, செலவு மதிப்பீட்டாளராக ஒரு கட்டுமான நிறுவனத்தில் பணிபுரிகிறார். அப்பா பென்சிலில் போட்ட கணக்கை அவர் கணினியில் போடுகிறார். விலையேற்றத்துக்கு ஒரு வரி, தாமதத்துக்கு ஒரு வரி, லாபத்துக்கு ஒரு வரி. லாப வரியில் கைவைக்க மட்டும் அவர் யாரையும் எளிதில் விடுவதில்லை என்று சக ஊழியர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டாம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூன் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் நிறுவனம் அந்த வாரம்தான் ஒரு பெரிய ஏலக்குத்தகையை இழந்திருந்தது. வேறொரு நிறுவனம் ஏழு விழுக்காடு குறைத்து விலை கொடுத்திருந்தது. அக்கா முகம் சற்று வாடித்தான் இருந்தது.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இதை அழிக்காம விட்டியேம்மா, அது போதும்" என்றார்.

பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னார். அதே சாப்பாட்டு மேசைதான். அன்று எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டோம்.